தாங்குசுவரும் மண்ணின் அடர்த்தியும்

தாங்குசுவர் என்பது உயர்ந்த மட்டத்தில் உள்ள மண், தாழ்ந்த மட்டத்தை நோக்கிச் சரிந்துவிடாமல் தடுத்து நிறுத்தும் சுவர் ஆகும். தடுப்புச் சுவர் என்றும் சொல்வர். மலைச்சாலைகளின் ஓரம், பாலத்தை நோக்கி ஏறும் சாலை, துறைமுகத்தில் கப்பல் அணையும் மேடை, கட்டடங்களின் நிலவறை, பழைய கோட்டைகளின் அகழி ஆகிய இடங்களில் இதைக் காணலாம். வீட்டுச் சுவர் பெரும்பாலும் மேலிருந்து கீழே இறங்கும் பாரத்தைச் சுமக்கிறது. தாங்குசுவரோ பக்கவாட்டில் வரும் தள்ளுவிசையை எதிர்த்து நிற்கிறது. அந்த விசை எவ்வளவு என்பதுதான் இதைக் கட்டுபவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

விசை மண்ணின் அடர்த்தியைப் பொறுத்தது. எப்படிப் பொறுத்தது என்று கேட்டால், மண் கனமானால் தள்ளுதலும் கூடும் என்பதே எவருக்கும் முதலில் தோன்றும் விடை. பள்ளியில் நீரின் அழுத்தத்தைக் கணக்கிட்ட மாணவர் ஆழம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்கி விடை கண்டிருப்பார். நீருக்கு அது முழுவதும் சரி. மண்ணுக்கு அது பாதி உண்மைதான். ஒரே மணலை இடித்து இறுக்கினால் அதன் எடை கூடுகிறது. ஆயினும் சற்றே நகர இடமுள்ள சுவரின்மீது அது தரும் விசை குறைகிறது. நகரவே இடமில்லாத சுவராயின், அதே இறுக்கம் விசையைக் கூட்டிவிடவும் கூடும். இந்த இரண்டையும் பொறியாளர்கள் ஐயமறத் தெரிந்துகொள்ள ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஆயின.

படியும் மணலும்

அரிசியைப் படியில் சும்மா கொட்டித் தலைதட்டி அளப்பதற்கும், குலுக்கிக் குலுக்கி அளப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கடைக்காரரும் அறிவார், வாங்குபவரும் அறிவார். குலுக்கினால் மணிகள் ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று போய் அமர்கின்றன. அதே படியில் கூடுதல் அரிசி பிடிக்கிறது. மண்ணின் அடர்த்தியும் அப்படியே. ஒரே அளவுள்ள உருண்டைகளை வரிசைக்கு நேர் வரிசையாக அடுக்கினால் மொத்தக் கன அளவில் 47.6 விழுக்காடு வெற்றிடமாக இருக்கும். மிக நெருக்கமாக அடுக்கினால் அது 26 விழுக்காடாகக் குறையும். உருண்டைகள் மாறவில்லை, அமர்ந்திருக்கும் விதம்தான் மாறியது.

இந்த மாற்றம் இரண்டு விளைவுகளைத் தருகிறது. ஒன்று, ஒரு கனமீட்டர் மண்ணின் எடை கூடுகிறது. தளர்ந்த உலர் மணல் கனமீட்டருக்கு ஏறத்தாழ 15 கிலோநியூட்டன் எடை இருந்தால், அதுவே இறுகிய நிலையில் 18 வரை போகலாம். மற்றொன்று, மணிகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. ஒரு மணி நகர வேண்டுமானால் பக்கத்து மணியின்மேல் ஏறித்தான் போக வேண்டும். அதனால் மண்ணின் உராய்வுக் கோணம் கூடுகிறது. தளர்ந்த மணலில் 30 பாகை அளவில் உள்ள இக்கோணம், இறுகிய மணலில் 40 பாகையையும் தாண்டும்.

தள்ளுவிசையைப் புரிந்துகொள்ள இந்த இரண்டாவது விளைவே முதன்மையானது. மண், நீரைப் போலத் தன் பாரம் முழுவதையும் பக்கத்தில் உள்ளதன்மேல் சாய்ப்பதில்லை. உராய்வின் துணையால் தன்னைத் தானே ஓரளவு தாங்கிக்கொள்கிறது. தாங்க முடியாத மிச்சத்தை மட்டுமே சுவரிடம் ஒப்படைக்கிறது. உராய்வு கூடக் கூட அந்த மிச்சம் குறையும்.

கோட்டைகளின் காலம்

தாங்குசுவர்க் கணக்கு பிறந்தது பிரான்சு நாட்டின் கோட்டை கட்டும் பொறியாளர்களிடம். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பதினான்காம் லூயி மன்னரின் கோட்டைகளை அமைத்த வோபான், சுவரின் உயரத்துக்கு ஏற்ப அதன் கனம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று அனுபவத்திலிருந்து அளவுகளை வகுத்துக் கொடுத்தார். கணக்கு ஏதும் இல்லாத கைப்பழக்கத்து விதிகள் அவை. அந்தச் சுவர்கள் தடிமனானவை. பல இன்றும் நிற்கின்றன. கல்லும் சுண்ணாம்பும் தாராளமாகச் செலவழித்தால் அறியாமையையும் ஈடுகட்டிவிடலாம் என்பதற்கு அவை சான்று என்று சொன்னால் வோபானுக்கு அநீதி ஆகாது. ஏனெனில் அவர் காலத்தில் வேறு வழி இல்லை.

1691 இல் பியேர் புல்லே என்னும் கட்டடக் கலைஞர், சுவருக்குப் பின்னால் உள்ள மண் 45 பாகைச் சாய்தளத்தில் ஓர் ஆப்பு போல வழுக்கி இறங்க முயல்வதாக எண்ணிக் கணக்கிட்டார். 1729 இல் பெலிடோர் தம் பொறியியல் நூலில் இதே ஆப்பை எடுத்துக்கொண்டார். உராய்வு இருப்பதால் விசையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம் என்றார். ஏன் பாதி, ஏன் மூன்றில் ஒன்று அன்று என்பதற்கு அளவீடு எதுவும் இல்லை. எனினும் உராய்வு என்ற ஒன்று இங்கே வேலை செய்கிறது என்பது கணக்குக்குள் நுழைந்துவிட்டது.

மார்த்தினிக் தீவில் எட்டு ஆண்டுகள்

மின்னூட்டத்தின் அலகாக மாணவர்கள் அறிந்த கூலூம், தம் வாழ்வின் முற்பகுதியில் ஒரு படைப் பொறியாளர். 1736 இல் பிறந்த சார்லசு கூலூம், 1764 இல் கரிபியக் கடலில் உள்ள மார்த்தினிக் தீவுக்கு அனுப்பப்பட்டார். ஏழாண்டுப் போரில் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட தீவு அது. போர் முடிந்து பிரான்சுக்குத் திரும்பி வந்திருந்தது. மீண்டும் பறிபோகாமல் காக்க பூர்போன் கோட்டையைக் கட்டும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1,200 பேர் வேலை செய்த அந்தப் பணியிடத்தை எட்டு ஆண்டுகள் நடத்தினார். 1772 இல் உடல்நலம் குன்றியவராய் நாடு திரும்பினார்.

அந்த எட்டு ஆண்டுகளில் கற்றதை அவர் ஒரு கட்டுரையாக்கி 1773 இல் பாரிசு அறிவியல் கழகத்தில் படித்தார். 1776 இல் அது அச்சாயிற்று. முதலில் தம் சொந்தப் பயன்பாட்டுக்காக எழுதியது என்று அவரே கூறியுள்ளார். அதில் அவர் செய்தது எளிமையான, ஆனால் அதுவரை எவரும் செய்யாத ஒன்று. மண் 45 பாகையில்தான் வழுக்கும் என்று ஏன் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்? எல்லாச் சாய்வுகளையும் எடுத்துக்கொண்டு, எந்த ஆப்பு சுவரை மிகுதியாகத் தள்ளுமோ அதைக் கண்டுபிடித்தால் போதும் என்றார். உச்சம், நீச்சம் காணும் கணித முறை அதற்குக் கைகொடுத்தது. மண்ணின் வலிமையையும் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, அழுத்தத்துக்கு ஏற்பக் கூடும் உராய்வு. மற்றொன்று, அழுத்தம் இல்லாவிடினும் இருக்கும் பிணைப்பு. புதிதாக வெட்டிக் கொட்டிய மண்ணில் இந்தப் பிணைப்பை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றும் பொறியியல் கல்லூரிகளில் கூலூம் கோட்பாடு என்ற பெயரில் கற்பிக்கப்படுவது இதுவே.

ஆனால் இக்கோட்பாட்டில் அடர்த்தி நேரடியாக வருவது எடை என்ற வடிவில் மட்டுமே. உராய்வு என்பது அந்தந்த மண்ணுக்கு உரிய ஒரு நிலையான எண் என்றே அதைப் பயன்படுத்தியவர்கள் கொண்டார்கள். மணலுக்கு ஓர் எண், சரளைக்கு ஓர் எண். எடையை மட்டும் மாற்றிப் பார்த்தால், இறுகிய மண் கூடுதலாகத் தள்ளும் என்ற பிழையான விடைதான் வரும்.

மணற்குவியல் காட்டிய கோணம்

1857 இல் கிளாசுகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ராங்கின் வேறொரு வழியில் வந்தார். ஓர் ஆப்பை மட்டும் பார்க்காமல், மண்திரளின் ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள தகைவுகளை எடுத்துக்கொண்டார். வழுவழுப்பான செங்குத்துச் சுவர், மட்டமான மண்பரப்பு ஆகியவற்றுக்கு அவருடைய சூத்திரம் மிக எளிது. பக்கவாட்டு அழுத்தத்துக்கும் செங்குத்து அழுத்தத்துக்கும் உள்ள விகிதம், ஒன்றிலிருந்து உராய்வுக் கோணத்தின் சைன் மதிப்பைக் கழித்து, அதே மதிப்பை ஒன்றுடன் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் கிடைக்கும். இதற்குச் செயல்நிலை மண்ணழுத்தக் குணகம் என்று பெயர். 30 பாகைக்கு இது 0.333, 40 பாகைக்கு 0.217.

சூத்திரத்தில் பிழை இல்லை. அதற்குள் போடப்பட்ட கோணத்தில்தான் சிக்கல். உராய்வுக் கோணத்தை எப்படி அளப்பது? உலர்ந்த மணலைக் குவியலாகக் கொட்டி, அதன் சரிவுக் கோணத்தை அளந்தால் போதும் என்பது அக்கால வழக்கம். ராங்கினும் அதையே ஏற்றார். கொட்டிய குவியலின் மேற்பரப்பில் உள்ள மணல், மண் அடையக்கூடிய மிகத் தளர்ந்த நிலையில் இருப்பது. தளர்ந்த நிலைக்குரிய கோணத்தை எடுத்து, சுவருக்குப் பின்னால் திமிசு போட்டு இறுக்கிய மண்ணுக்குப் பொருத்தினார்கள். விடை, உண்மையில் வரும் விசையைவிடப் பெரிதாக வந்தது.

இதைக் களத்தில் கண்டு சொன்னவர் பெஞ்சமின் பேக்கர். பின்னர் இசுக்காட்லாந்தின் போர்த் பாலத்தை அமைத்துப் புகழ்பெற்றவர். இலண்டன் சுரங்க இருப்புப்பாதைப் பணிகளில் பல மைல் நீளத்துக்குத் தாங்குசுவர்களைப் பார்த்த அனுபவம் அவருக்கு இருந்தது. 1881 இல் இலண்டன் குடிசார் பொறியாளர் கழகத்தில், மண்வேலையின் உண்மையான பக்கவாட்டு அழுத்தம் என்னும் பொருளில் ஒரு கட்டுரை அளித்தார். கணக்குப்படி விழுந்திருக்க வேண்டிய சுவர்கள் பல நின்றுகொண்டிருந்தன. நல்ல மண்ணும் நல்ல அடித்தளமும் வாய்த்தால் சுவரின் கனம் உயரத்தில் கால் பங்கு போதும். மோசமான நிலையிலும் பாதிக்கு மேல் தேவைப்படாது. பொதுவாக மூன்றில் ஒரு பங்கு என்பது அவர் முடிவு. கால் பங்கா, அரைப் பங்கா என்பதை எது தீர்மானிக்கிறது? பின்னால் உள்ள மண்ணும் அது போடப்பட்ட விதமும். அதற்குச் சூத்திரம் தர அவரால் முடியவில்லை. தருவதாகப் பாசாங்கு செய்யாதது அவருடைய நேர்மை.

பெட்டிக்குள் மணல்

பேக்கரின் கட்டுரை வெளிவந்த இரண்டு ஆண்டுகளில், 1883 இல், அதே கழகத்தின் இதழில் மற்றொரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஜார்ஜ் டார்வின். பரிணாமக் கொள்கையின் சார்லசு டார்வினுடைய மகன். கடல் ஓதங்களையும் நிலவின் இயக்கத்தையும் ஆராய்ந்த வானியலாளர். ஒரு பெட்டியில் மணலை நிரப்பி, அது ஒரு பக்கத்தைத் தள்ளும் விசையை அளந்து, ராங்கின் கோட்பாட்டைச் சோதிப்பது அவர் நோக்கம்.

ஒரே மணல், ஒரே பெட்டி, ஒரே உயரம்; ஆனால் மணலைப் பெட்டிக்குள் போட்ட விதத்தை மாற்றினால் விசை மாறியது. தளர்வாகக் கொட்டியதற்கும் இறுக்கி அடைத்ததற்கும் ஒரே எண் பொருந்தவில்லை. மணலுக்கு ஒரு வரலாறு உண்டு, அது எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது என்பதும் விசையைத் தீர்மானிக்கிறது என்ற கருத்து இங்கே முதன்முறையாகத் தெளிவாக எழுகிறது. மண்ணியக்கவியலின் வரலாற்றைச் சொல்பவர்கள் கூலூமிலிருந்து ராங்கினுக்கும் ராங்கினிலிருந்து டெர்சாகிக்கும் தாவிவிடுவது வழக்கம். இந்தப் பெட்டிக்கு இன்னும் சற்று இடம் கொடுக்கலாம்.

1885 இல் மான்செசுடரில் ஆசுபோர்ன் ரெனால்ட்சு இதற்குக் காரணத்தைக் காட்டினார். நெருக்கமாக அமைந்த மணிகளின் திரளை வடிவம் மாற்ற முயன்றால் அதன் கன அளவு பெருகும் என்றார். கடற்கரையில் ஈர மணலில் கால் வைத்தால், பாதத்தைச் சுற்றி மணல் ஒரு நொடி வெளுத்துக் காய்ந்தது போலத் தெரிவதைப் பலரும் பார்த்திருப்பர். மிதியால் மணல் விரிகிறது. மேற்பரப்பில் இருந்த நீர் அந்தப் புதிய இடைவெளிகளுக்குள் இறங்கிவிடுகிறது. மிதித்தால் மணல் நசுங்க வேண்டும் என்று நாம் எண்ணுவதற்கு நேர் எதிரானது இது. இறுகிய மணல் வழுக்க வேண்டுமானால் முதலில் விரிய வேண்டும். விரிய வேண்டுமானால் மேலுள்ள பாரத்தைத் தூக்க வேண்டும். இறுகிய மணலின் கூடுதல் வலிமை இந்தத் தூக்கும் வேலையிலிருந்து வருகிறது. தளர்ந்த மணலுக்கு இந்த வேலை இல்லை; அது சரியும்போது இன்னும் உள்ளொடுங்கவே செய்யும்.

டெர்சாகியின் பெரிய சுவர்

கார்ல் டெர்சாகி, 1883 இல், அதாவது டார்வினின் கட்டுரை வந்த ஆண்டிலேயே, பிராகா நகரில் பிறந்தார். முதல் உலகப்போர்க் காலத்தில் இசுதான்புல் நகரில் பொறியியல் கற்பிக்கச் சென்று, போருக்குப் பின் அங்கிருந்த இராபர்ட் கல்லூரியில் எளிய கருவிகளை வைத்துக்கொண்டு மண்ணழுத்தச் சோதனைகளைச் செய்தார். 1920 இல் அவற்றின் முடிவுகளை அமெரிக்கப் பொறியியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார். மண்ணின் அழுத்தம் என்பது மண்ணுக்கு மட்டும் உரிய பண்பு அன்று, சுவர் எவ்வளவு நகர்ந்தது என்பதையும் பொறுத்தது என்பதே அவர் கண்டதன் சாரம்.

சிறிய பெட்டிகளின் முடிவை எவ்வளவு நம்பலாம்? ஆய்வறையில் சிறிதாகச் செய்த சோதனைகள் பணியிடத்தில் கைவிட்டுவிடும் என்று கூலூமே மார்த்தினிக் அனுபவத்தை வைத்து எழுதியிருந்தார். டெர்சாகி அமெரிக்காவின் மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றியபோது, நகர்த்தவும் சாய்க்கவும் கூடிய ஒரு பெரிய சுவரை அமைத்து 1929 இல் சோதித்தார். முடிவுகள் 1934 இல் வெளிவந்தன. சுவர் மிகச் சிறிதளவு வெளிப்புறம் நகர்ந்த உடனே இறுகிய மணலின் அழுத்தம் மளமளவென்று இறங்கியது. தளர்ந்த மணலிலோ அழுத்தம் மெல்ல இறங்கியது. கடைசியில் நின்ற அளவும் பெரிது.

இன்று பாடநூல்கள் தரும் அளவு இதுதான்: இறுகிய மணலில் சுவரின் உச்சி அதன் உயரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தால் போதும், தளர்ந்த மணலில் ஆயிரத்தில் நான்கு பங்கு வேண்டும். 5 மீட்டர் சுவருக்கு முன்னது 5 மில்லிமீட்டர், ஒரு பென்சிலின் கனத்தைவிடக் குறைவு. பின்னது 20 மில்லிமீட்டர். 1936 இல் டெர்சாகி, மண்ணழுத்தக் கணக்கீடுகளில் உள்ள ஓர் அடிப்படைப் பிழை என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதி, நகர்வைக் கருதாமல் ராங்கின் சூத்திரத்தைக் கண்ட இடத்தில் போடுவதைச் சாடினார்.

ஒரு கணக்கு

5 மீட்டர் உயரமுள்ள செங்குத்தான சுவர். பின்னால் மட்டமாக நிரப்பிய உலர் மணல். சுவர் சற்றே முன்னோக்கிச் சாய இடம் உண்டு என்று கொள்வோம். ஆழம் கூடக் கூட அழுத்தம் நேர்விகிதத்தில் கூடுவதால், மொத்த விசை என்பது எடையில் பாதியை உயரத்தின் வர்க்கத்தாலும் குணகத்தாலும் பெருக்கக் கிடைப்பது.

தளர்ந்த மணலில் எடை 15, கோணம் 30 பாகை, குணகம் 0.333. சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் விசை 62.5 கிலோநியூட்டன். அதே மணலை இறுக்கினால் எடை 18, கோணம் 40 பாகை, குணகம் 0.217. விசை ஏறத்தாழ 49 கிலோநியூட்டன். எடை 20 விழுக்காடு கூடியது. விசை 22 விழுக்காடு குறைந்தது. கோணத்தை மாற்றாமல் எடையை மட்டும் மாற்றியிருந்தால் 75 என்ற விடை வந்திருக்கும். தேர்வில் இந்தப் பிழையைச் செய்பவர்கள் குறைவு அல்லர். கொடுத்த எண்களைச் சூத்திரத்தில் இட்டுப் பழகிய கை, எந்த எண் எதனுடன் சேர்ந்து மாறும் என்று கேட்பதில்லை.

சுவரின் முன்பக்க அடியில் உள்ள மண்ணுக்கும் இது பொருந்தும், ஆனால் திசை வேறு. சுவர் முன்னே நழுவ முயலும்போது அங்குள்ள மண் எதிர்த்து நிற்கிறது. எதிர்ப்புநிலைக் குணகம் 30 பாகைக்கு 3. 40 பாகைக்கு 4.6. ஒரு மீட்டர் ஆழத்துக்கு முன்பக்க மண் தளர்வாக இருந்தால் எதிர்ப்பு 22.5 கிலோநியூட்டன், இறுக்கமாக இருந்தால் 41. குழாய் பதிக்கவோ சாக்கடை வெட்டவோ சுவரின் முன்னடியைத் தோண்டி, பிறகு மண்ணைச் சும்மா தள்ளி மூடிவிட்டுப் போவது பல இடங்களில் நடக்கிறது. மண் திரும்பி வந்துவிட்டது போலத் தோன்றும். எதிர்ப்பில் பாதி திரும்பவில்லை.

இறுக்கத்தின் மறுபக்கம்

1933 இல் லாசு ஏஞ்சலிசு நகர நீர்வழங்கல் துறையின் பொறியாளர் பிராக்டர், மண்ணை எவ்வளவு ஈரத்தில் இடித்தால் மிகுந்த அடர்த்தி கிடைக்கும் என்பதை அறியும் சோதனையை வெளியிட்டார். காய்ந்த மண் இடித்தாலும் சேராது. சேறாகிவிட்டால் நீர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இடையில் ஓர் ஈரப்பதம் உண்டு. இந்தியத் தரத்தில் இச்சோதனை 1,000 கன செண்டிமீட்டர் உருளையில் மண்ணை மூன்று அடுக்காக இட்டு, 2.6 கிலோ சம்மட்டியை 310 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து அடுக்குக்கு 25 முறை விழவிட்டுச் செய்யப்படுகிறது. அதன்பின் உலகெங்கும் மண்ணிறுக்கம் எண்ணால் பேசப்படும் ஒன்றாயிற்று. எவ்வளவுக்கெவ்வளவு இறுக்கமோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்ற எண்ணமும் வேர்விட்டது.

சுவர் நகர முடியுமானால் அந்த எண்ணம் சரி. மேலே தளமும் இரு பக்கமும் குறுக்குச் சுவர்களும் பிடித்துக்கொண்டிருக்கும் நிலவறைச் சுவர் 5 மில்லிமீட்டர்கூட நகராது. அங்கே மண் அசையாநிலையில் இருக்கிறது. 1944 இல் அங்கேரி நாட்டின் யாக்கி, இந்நிலைக்கான குணகம் ஒன்றிலிருந்து உராய்வுக் கோணத்தின் சைன் மதிப்பைக் கழித்தால் கிடைப்பது என்று ஒரு சூத்திரம் தந்தார். 40 பாகைக்கு அது 0.357. அதன்படி இறுகிய மணலில் ஒரு மீட்டர் ஆழத்தில் செங்குத்து அழுத்தம் சதுர மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், பக்கவாட்டு அழுத்தம் 6.4.

ஆனால் உருளைப்பொறி சுவரை ஒட்டி ஓடினால் நடப்பது வேறு. பொறியின் பாரத்தால் மண்ணுக்குள் செங்குத்து அழுத்தம் ஏறும். பக்கவாட்டு அழுத்தமும் ஏறும். பொறி விலகியதும் செங்குத்து அழுத்தம் முன்னிருந்த அளவுக்கு இறங்கிவிடும். பக்கவாட்டு அழுத்தம் அப்படி முழுவதும் இறங்குவதில்லை. கவ்விக்கொண்ட மணிகள் அதில் பெரும்பகுதியைப் பூட்டி வைத்துக்கொள்கின்றன. அடுத்த அடுக்கு, அடுத்த ஓட்டம், மேலும் பூட்டப்பட்ட அழுத்தம். சுவரின் மேற்பகுதியில் 6.4 இருக்க வேண்டிய இடத்தில் பதினெட்டையும் தாண்டிவிடலாம். 1971 இல் பெங்ட் புரோம்சும் 1979 இல் இங்கோல்டும் இதைக் கணக்கிடும் முறைகளைத் தந்தனர். இந்த விசை மேற்பகுதியில் வருவதால் கவிழ்க்கும் திருப்பமும் கூடுகிறது. சுவருக்குப் பின்னால் ஓரிரு மீட்டர் தொலைவுக்குப் பெரிய உருளைப்பொறியை விடாமல், மெல்லிய அடுக்குகளாகக் கையால் இயக்கும் சிறு பொறியைக் கொண்டு இறுக்குவது இதனால்தான். பணியிடத்தில் நேரமில்லை என்று இந்த விதியை மீறுவோர், அது மண்ணைப் பற்றியது என்று எண்ணுகிறார்கள். அது சுவரைப் பற்றியது.

களிமண்ணின் கதை வேறு. கரிசல் மண்ணைக் காய்ந்த நிலையில் கெட்டியாக இடித்துச் சுவருக்குப் பின்னால் நிரப்பினால், மழைக்காலத்தில் நீர் குடித்து உப்பும். அடர்த்தி மிகுந்திருந்தால் உப்பும் அழுத்தமும் மிகும். மேலே சொன்ன கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது. தாங்குசுவருக்குப் பின்னால் மணலும் சரளையும் போடச் சொல்வதற்கு இது ஒரு காரணம்; நீர் வடிய வேண்டும் என்பது இன்னொரு காரணம். அதே 5 மீட்டர் சுவருக்குப் பின்னால் தளர்ந்த மணலில் உச்சிவரை நீர் தேங்கினால், மிதப்பால் மண்ணின் எடை குறைந்து அதன் விசை ஏறத்தாழ 39 கிலோநியூட்டனாக இறங்கும். ஆனால் நீர் தன் பங்குக்கு 123 கிலோநியூட்டன் தள்ளும். மொத்தம் 162, உலர்ந்திருந்தபோது இருந்ததைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். சுவரில் விடப்படும் நீர்வடி துளைகளைப் பூச்சுவேலையின்போது அழகுக்காக அடைத்துவிடக் கூடாது.

கோபே துறைமுகம்

நீரும் தளர்ந்த மணலும் சேர்ந்த இடத்தில் நிலநடுக்கம் வந்தால் என்ன ஆகும் என்பதை 1995 சனவரி 17 அன்று சப்பானின் கோபே நகரம் கண்டது. கடலைத் தூர்த்து உருவாக்கிய போர்ட் தீவு, ரோக்கோ தீவு ஆகியவற்றின் கப்பல் துறைச் சுவர்கள் பெரிய காங்கிரீட் பெட்டிகளால் ஆனவை. அவற்றின் அடியிலும் பின்னாலும் நிரப்பியிருந்த மண் தளர்வாகவும் நீரில் மூழ்கியும் இருந்தது. குலுங்கியபோது மணிகள் உள்ளொடுங்க முயன்றன. இடையில் இருந்த நீர் வெளியேற நேரம் கிடைக்காமல் அழுத்தத்தைத் தான் ஏற்றது. உராய்வு ஏறக்குறைய மறைந்தது. மண் நீரைப் போல நடந்துகொண்டது. சுவர்கள் கடலை நோக்கிச் சில மீட்டர் நகர்ந்து சாய்ந்தன. பின்னால் தரை இறங்கியது. பெரும்பாலான கப்பல் துறைகள் பயனற்றுப் போயின. அதே தீவுகளில் கட்டடங்களுக்காக முன்பே அதிர்வூட்டியும் இடித்தும் மண்ணை இறுக்கியிருந்த பகுதிகளில் தரையின் சேதம் மிகக் குறைவாக இருந்தது.

பணியிடத்தில் இறுக்கம் போதுமா என்று பார்க்க இந்தியாவில் பரவலாகப் பயன்படும் மணல் மாற்று முறையில், இறுக்கிய மண்ணில் ஒரு சிறு குழி தோண்டி, எடுத்த மண்ணை எடைபோடுவர். குழியின் கன அளவை அறிய, அதற்குள் ஒரு தனி மணலை விழவிட்டு, எவ்வளவு மணல் இறங்கியது என்று கணக்கிடுவர். 1 மில்லிமீட்டர் சல்லடையில் விழுந்து, 600 மைக்ரான் சல்லடையில் நிற்கும் சீரான மணல் அது. ஒரே உருளையிலிருந்து, ஒரே உயரத்திலிருந்து, யாரும் அருகில் நடந்து தரையை அதிர வைக்காமல், அது தானாக விழ வேண்டும். விழும் விதம் மாறினால் அந்த மணலின் அடர்த்தியே மாறி, அளவு தவறிவிடும்.